மிச்சம்... குப்பைக்கும் வேண்டாம், வயிற்றுக்கும் வேண்டாம்!

நேற்று இரவு உங்கள் வீட்டில் எவ்வளவு சோறு மிச்சமானது? அது எங்கே போனது?

இந்த இரண்டு கேள்விக்கும் பெரும்பாலான வீடுகளில் பதில் தெரிந்தவர் ஒருவர்தான். அடுப்படியைக் கழுவிவிட்டுக் கடைசியாகப் படுக்கப் போகும் குடும்பத் தலைவி! அவர் சொல்லும் பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "கொட்டிட்டேன்." இன்னொன்று, "வீணாப் போகுதேன்னு நானே சாப்பிட்டுட்டேன்."

முதல் பதில் மண்ணையும் காற்றையும் கெடுக்கிறது. இரண்டாவது பதில் உடம்பைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

எவ்வளவு வீணாகிறது?

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானதாக அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் இது 19 சதவீதம். ஹோட்டலும் கடையும்தானே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது!

நம் நாட்டுக்கான மதிப்பீடு என்ன தெரியுமா? வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ. அதே உலகத்தில் 78 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது.

இது வீட்டுக்கு வந்த பிறகு வீணானது. களத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் உலக விளைச்சலில் 13 சதவீதம் காணாமல் போகிறது என்பது தனிக் கணக்கு.

இந்தக் கோடிக் கணக்கெல்லாம் நமக்குப் பிடிபடாது. நம்ம ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கண்மாய் நிறையாது. குடிக்கிற தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய அனுபவம் இங்கே எல்லா வீட்டுக்கும் உண்டு.

ஒரு கிலோ அரிசி விளைவதற்கு உலகச் சராசரியாகச் சுமார் 2500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு கைப்பிடி அரிசி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 125 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. 15 லிட்டர்க் குடமாக எண்ணினால் எட்டுக் குடம்! ஒரு கைப்பிடி அரிசிச் சோற்றைக் கொட்டும்போது, எங்கோ ஒரு வயலில் பாய்ந்த எட்டுக் குடம் தண்ணீரையும் சேர்த்தே கொட்டுகிறோம். தெருக்குழாயடியில் ஒரு குடத்துக்குச் சண்டை போடுகிற நாம், இந்த எட்டுக் குடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இன்னொரு கணக்கு. தினமும் 100 கிராம் அரிசி அளவுக்குச் சோறு வீணாகிற வீட்டில் வருஷத்துக்கு 36 கிலோவுக்கு மேல் அரிசி போய்விடும். மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கும் குடும்பத்துக்கு இது கிட்டத்தட்ட இரண்டு மாத அரிசி. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. விலை இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

கொட்டிய சோறு என்ன செய்யும்?

"சோறு மண்ணோட மண்ணா மக்கிப் போகும். இதுல என்னங்கய்யா கெடுதல்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

காற்றுப் படும்படி மண்ணில் மக்கினால் கெடுதல் இல்லை, அது உரம். ஆனால் நாம் எப்படிக் கொட்டுகிறோம்? பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்க முடிச்சுப் போட்டு எறிகிறோம். அது குப்பை மேட்டின் அடியில் போய் அமுங்குகிறது. காற்று இல்லாத இடத்தில் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன், கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு வலிமையானது. உணவு வீணாவதால் உண்டாகும் வாயுக்கள், உலகம் முழுவதும் பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம். ஆகாய விமானங்கள் எல்லாம் சேர்ந்து விடுகிற புகையைப் போல இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு!

சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ நினைவிருக்கிறதா? நாள் கணக்கில் புகைந்தது. குப்பை மேடுகள் தீப்பிடித்தால் அணைக்க முடியாமல் போவதற்கு உள்ளே தேங்கியிருக்கும் மீத்தேனும் ஒரு காரணம். தவிர, அழுகிய சாறு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாவம், மாடுகள்! பைக்குள் இருக்கும் சோற்று வாசனைக்குப் பையையும் சேர்த்து விழுங்குகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் தெருமுனையில் அவை பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் மிச்சம் எங்கே போனது?

கரிசல் காட்டு வீடுகளில் மிச்சம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் இருந்தது. இரவுச் சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காலையில் அது பழையது. அதன் மேல் தண்ணீர் நீச்சத்தண்ணி. அரிசி களைந்த நீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சியில் மிச்சம் எல்லாம் கழனிப் பானைக்குப் போய், அங்கிருந்து மாட்டுக்குப் போகும். சிந்தியதைக் கோழி பார்த்துக்கொள்ளும். அதற்கும் உதவாதது குப்பைக் குழிக்குப் போய், கோடையில் வண்டியேறி எருவாகப் புஞ்சைக்குத் திரும்பும்.

இந்த ஒழுங்கு கஞ்சத்தனத்தில் பிறந்தது இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1965-இல் தானியத் தட்டுப்பாடு வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலைமுறைக்குச் சோற்றின் அருமை தெரியும்.

இப்போது பல வீடுகளில் மாடு இல்லை. கழனிப் பானையும் இல்லை. மண்குழி இருந்த இடத்தில் சிமென்டுத் தளம். மிச்சத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனதால், ஒன்று பைக்குள் போகிறது. அல்லது அம்மாவின் வயிற்றுக்குள் போகிறது.

"கொட்ட மனசு வரலைய்யா!"

என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில், நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்பேன். "தட்டுல உக்காந்து சாப்பிட்டது சரி... அதுக்கு அப்புறம் அடுப்படியில என்ன சாப்பிட்டீங்க?"

முதலில் சிரிப்பார்கள். பிறகு மெதுவாக வரும். "பெரியவன் ரெண்டு இட்லிய வச்சுட்டு ஸ்கூலுக்கு ஓடிட்டான், அதைத் தின்னேன். ராத்திரி ரெண்டு கரண்டி சோறு மிச்சம். கொட்ட மனசு வரலைய்யா... கொழம்பு ஊத்தித் தின்னுட்டுப் படுத்துட்டேன்."

அந்த ரெண்டு கரண்டி சோறு 200 கிராம் இருக்கும். அதில் சுமார் 250 கலோரி. பசிக்காகச் சாப்பிட்டதல்ல, இரவு பத்து மணிக்கு மேல், பாத்திரம் கழுவுவதற்காகச் சாப்பிட்டது! காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் என்ன? மருந்து ஒரு பக்கம் இறைக்கிறது, மிச்சச் சோறு மறுபக்கம் ஊற்றுகிறது.

சித்த மருத்துவத்தில் செரிமானத் தீயை நாலு வகையாகச் சொல்வோம். அதில் ஒன்று மந்தாக்கினி. முதலில் உண்டது செரிக்கும் முன்பே மேலும் மேலும் போட்டால் தீ மந்தமாகிவிடும். வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், காலையில் எழுந்ததும் உடம்பு பாரம் எல்லாம் இதன் அறிகுறிகள். எரிகிற அடுப்பில் ஒரேயடியாக விறகைத் திணித்தால் புகைதானே வரும்? அப்படித்தான். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை மூலிகையைப் பற்றிப் பேசவில்லை. செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதைப் பற்றியே பேசுகின்றன.

ஆகவே தாய்மார்களே, ஒன்றை மனதில் எழுதி வையுங்கள். பசிக்காத வயிற்றில் போட்ட சோறும் வீணான சோறுதான். குப்பையில் போட்டால் மண்ணுக்கு நஷ்டம். வயிற்றில் போட்டால் அதே நஷ்டத்தோடு மருந்துச் செலவும் சேர்ந்துகொள்கிறது.

பழையது வேறு, ஊசியது வேறு

வீணாகக் கூடாது என்ற ஆசையில் செய்யும் இன்னொரு தப்பு, கெட்டதைச் சாப்பிடுவது.

தேரையர் பெயரால் வழங்கும் பிணி அணுகா விதியில், முதல் நாள் சமைத்த கறியை மறுநாள் உண்ணலாகாது என்பது ஒரு விதி. "அப்படின்னா பழைய சோறு மட்டும் எப்படிச் சரி?" என்று கேட்பீர்கள். இரண்டும் வேறு வேறு.

வடித்த சோற்றைச் சும்மா வெளியில் வைத்தால், பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். சமையல் சூட்டையும் தாங்கும் உறைக்குள் ஒளிந்திருக்கிற கிருமி அது. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் விழித்துக்கொண்டு நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தால் கிருமி சாகலாம். வாந்தியை உண்டாக்கும் நஞ்சு சாகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

பழையதில் நடப்பது வேறு. சோறு ஆறியவுடன், நேரம் கடத்தாமல், மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். தயிரைப் புளிக்க வைக்கிற இனத்தைச் சேர்ந்த நல்ல நுண்ணுயிர்கள் அதில் வளர்ந்து லேசான புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளைத் தலையெடுக்க விடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றின் பயனைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள்.

ஆனால் கவனம் வேண்டும்:

1. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த சோற்றில் விடியற்காலை தண்ணீர் ஊற்றினால் அது பழையது ஆகாது.

2. மண்பானை அல்லது கழுவிக் காய்ந்த பாத்திரம் நல்லது. கை போட்டுப் பிசைந்த, குழம்பு பட்ட சோறு கூடாது.

3. காலையில் சாப்பிட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் வரை வைக்க வேண்டாம்.

4. நூல் விட்டாலோ, வழவழவென்று இருந்தாலோ, நாற்றம் மாறினாலோ உரக்குழிதான் அதற்கு இடம். "ஒரு வாய்தானே" என்று ருசி பார்க்கவும் வேண்டாம்.

5. சர்க்கரை நோயாளிகளுக்குப் பழையதும் அரிசிதான். அளவு உண்டு. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊறுகாய், மோர் மிளகாயைத் தவிர்த்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம்.

குழம்பு, கூட்டு, பொரியல், கறி, மீன் போன்றவற்றை நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். மிஞ்சும் என்று தெரிந்தால், பந்தி முடியும் வரை காத்திராமல் முதலிலேயே கரண்டி படாமல் தனியாக எடுத்து, அகலமான பாத்திரத்தில் ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். சுட வைப்பது ஒரே ஒரு தடவை. ஆவி பறக்க, கொதிக்கச் சுட வையுங்கள். கரண்ட் போய் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் சமைத்த உணவை நம்பாதீர்கள்.

பூஞ்சை பிடித்த பண்டத்தில் பூஞ்சையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்கிற பழக்கம் மிக ஆபத்தானது. முக்கியமாக நிலக்கடலையும் மக்காச்சோளமும். அதில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். "சரி, மாட்டுக்கு வைப்போம்" என்றாலும் தப்புதான். மாட்டின் பால் வழியாக அது நம் வீட்டுக்கே திரும்பி வரும்!

மருந்து, அளக்கும் டம்ளரில் இருக்கிறது

மிச்சத்தை என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, மிச்சமே வராமல் பார்ப்பது சுலபம். ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே மருந்து இதுதான்: உலை வைக்கும் முன் அளப்பது!

வீட்டில் இருக்கும் 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அரிசி எடுத்தால் கிட்டத்தட்ட 170 கிராம் வரும். காய்கறி, பருப்பு எல்லாம் இருக்கும் சாப்பாட்டில், சாதாரண வேலை பார்க்கும் இரண்டு பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு அது போதும். காட்டு வேலை, கட்டட வேலை பார்ப்பவர்களுக்குக் கூடுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்கபடி. நம் வீட்டு அளவை நாமே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

"யாராச்சும் விருந்தாளி வந்துட்டா?" என்று பயந்தே தினமும் ஒரு டம்ளர் கூடப் போடுகிற வீடுகள் ஏராளம். மாதத்தில் இரண்டு நாள் வரும் விருந்தாளிக்காக முப்பது நாளும் கூடச் சமைப்பானேன்? ரவை, அவல், கம்பு மாவு, குதிரைவாலி அரிசி வீட்டில் இருக்கட்டும். வந்தவர்களுக்கு இருபது நிமிஷத்தில் சுடச்சுடச் செய்து போடலாம். அதில் மரியாதையும் அதிகம்.

குதிரைவாலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியது. நம் கரிசலில் மானாவாரியாக, மூன்று மாதத்தில், மழைத் தண்ணீரை மட்டும் நம்பி விளைகிற தானியம் இது. குதிரைவாலி, கம்பு, சோளத்தில் நார்ச்சத்து இருப்பதால், தீட்டிய அரிசியைவிடக் குறைந்த அளவிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அளவும் குறைகிறது, வயலில் தண்ணீரும் மிச்சம்.

பரிமாறுவதிலும் ஒரு பாடம் உண்டு. முதலில் கொஞ்சமாக வைத்துவிட்டு, "இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடப் பழகட்டும். தட்டில் வைத்ததை எல்லாம் முடித்தே ஆக வேண்டும் என்று அதட்டித் திணிக்காதீர்கள். பிறகு பசியின் அளவே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், கால் வயிறு காலி. இது பெரியவர்களுக்கும் பொருந்தும் பழைய கணக்கு.

தோலும் தண்டும் மருந்துதான்

பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முருங்கைக்கீரைக் காம்பில் ரசம், கொத்தமல்லித் தண்டில் சட்னி, வாழைத்தண்டில் பொரியல், பூசணி விதையை வறுத்துக் கொறிப்பது... நம் பாட்டிமார் எதையும் விட்டதில்லை. துவர்ப்புச் சுவையுள்ள மாதுளம்பழத் தோலும், மாங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் வயிற்றுப்போக்குக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படுகிறவை. (வீட்டிலேயே அளவு தெரியாமல் கொடுக்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) காய்களில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால், தோலைப் பயன்படுத்தும்போது ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது அவசியம். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்குத் தோலை மட்டும் சாப்பிடக் கூடாது. அதில் நஞ்சு உண்டு.

எங்கள் பக்கம் மழைக்குப் பின் புஞ்சையில் தானாக முளைத்துப் படரும் அதலைக்காயைப் பாருங்கள். பாகலுக்கு உறவு. கசப்பு. சர்க்கரைக்காரர்கள் தேடி வாங்குவார்கள். ஆனால் பறித்து ஓரிரண்டு நாளில் பழுத்து வெடித்துவிடும். அதனால் வாங்கிய அன்றே வதக்கிவிட வேண்டும், இல்லையேல் உப்பிட்டு வற்றலாக்க வேண்டும். மிதுக்கு வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய் எல்லாம் இந்த யோசனையில் பிறந்தவைதாம். மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அழுகவிடாமல், வெயிலையே ஃப்ரிட்ஜாக்கிக் கொண்டார்கள்! வற்றலில் உப்பு அதிகம். ரத்த அழுத்தக்காரர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

தானியமும் பருப்பும் வண்டு விழுந்து வீணாவதும் உணவு நஷ்டம்தான். கடித்தால் 'டக்'கென்று உடைகிற அளவுக்குக் காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஆகியவை போட்டு வைப்பது பழைய வழக்கம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், தானியத்துக்குள் செருகி வைக்கும் பூச்சிப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மூட்டைக் கணக்கில் வைப்பவர்களுக்கு அது உதவும்.

விசேஷ வீட்டில்...

கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடுகளில்தான் மலை மலையாகக் கொட்டுகிறோம். பெங்களூரில் சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் கல்யாண மண்டபங்களை ஆராய்ந்தது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 943 டன் நல்ல உணவு வீணாவதாகக் கணக்கிட்டார்கள்.

இலை போட்டவுடன் ஆள் வருவதற்கு முன்பே இருபது வகையைப் பரப்பி வைப்பதை நிறுத்தினாலே பாதி வீண் குறையும். உட்கார்ந்த பிறகு, கேட்டுக் கேட்டு வைக்கலாம். ஆள் கணக்கைச் சமையல் மாஸ்டரிடம் கூட்டிச் சொல்லாதீர்கள். அவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்.

அப்படியும் மிஞ்சினால்? கோவையில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள், மண்டபங்களில் மிஞ்சும் உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுத்து வருகின்றன. இப்படி உபரி உணவைக் கொடுப்பதற்கென்றே 2019-இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வகுத்திருக்கிறது. பந்தி ஓடும்போதே, சூடு ஆறும் முன், இலையில் பரிமாறாத உணவைத்தான் கொடுக்க வேண்டும். மாலையில் ஊசிய சோற்றைத் தானம் என்ற பெயரில் கொடுப்பது பாவம்.

இன்னொரு எச்சரிக்கை. மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டின் முன் வைக்காதீர்கள். ஒரேயடியாக நிறையச் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி, உயிருக்கே ஆபத்தாகும்.

போக்கிடம் ஒன்று தயார் செய்யுங்கள்

எவ்வளவு அளந்தாலும் தோல், கொட்டை, காபித்தூள், முட்டை ஓடு இருக்கத்தானே செய்யும்? அதற்கு உரக்குழி. கொல்லையில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி. இடமில்லாதவர்கள் அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட பழைய வாளி அல்லது மண்தொட்டி வைக்கலாம். அடியில் காய்ந்த சருகு. அதன் மேல் அன்றன்றைக்கு ஒரு பங்கு சமையல் கழிவு, இரண்டு பங்கு சருகு அல்லது காய்ந்த மண். கொஞ்சம் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் மக்கும். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்றுப் புகும். மீத்தேனுக்கும் நாற்றத்துக்கும் வேலை இல்லை. இரண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள். மீன், கறி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம் இதில் வேண்டாம். நாயும் எலியும் தேடி வரும்.

இதற்கு வசதியே இல்லாதவர்கள், மக்கும் குப்பையைத் தனியாக வைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

ஒரு வாரப் பயிற்சி

பாடம் படித்தால் பயிற்சி வேண்டாமா? நாளை முதல் ஏழு நாள் இதைச் செய்து பாருங்கள்.

* அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். தினமும் எத்தனை டம்ளர் அரிசி போட்டீர்கள், இரவில் எத்தனை கரண்டி மிஞ்சியது என்று எழுதுங்கள்.

* மிஞ்சியது எங்கே போனது என்று பக்கத்தில் குறியுங்கள்: பழையது, மாடு, உரக்குழி, குப்பை, 'நான்'. 'நான்' என்று எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள்!

* நாலாவது நாளிலிருந்து, மிஞ்சிய அளவுக்குத் தக்கபடி அரிசியைக் குறையுங்கள்.

* ஒருநாள் கணக்கெழுதும் வேலையை வீட்டு ஆண்களிடமும், ஒருநாள் பிள்ளைகளிடமும் கொடுங்கள். மிச்சத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த நாள் "கொஞ்சமா வைம்மா" என்ற சொல் வரும்.

* ஏழாம் நாள், மிச்சமான அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். எத்தனை கைப்பிடி என்று எண்ணி, எட்டால் பெருக்குங்கள். அத்தனை குடம் தண்ணீர்!

இரவில் பானையைக் கழுவும்போது அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், "சோறு பத்தலையோ" என்று கவலைப்படாதீர்கள். எல்லாருடைய வயிறும் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நிறைந்திருந்தால், அன்றைக்குச் சரியாக அளந்து சமைத்தீர்கள் என்று அர்த்தம்.